எத்தனை டரான்டுலா? வீட்டில் உள்ளவரையும் கேளுங்கள்

எங்கள் வீடு மேலகரத்தில், தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே இருக்கிறது. சாரல் தொடங்கிவிட்டால் குளியலறைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு எட்டுக்கால் பூச்சி வந்து உட்காருவது இந்தப் பக்கத்தில் யாருக்கும் புதிதில்லை. விளக்குமாற்றை எடுப்போம், இல்லாவிட்டால் அது போகட்டும் என்று காத்திருந்து குளிப்போம். அதிலேயே பெரிய ஜாதியான டரான்டுலாவைப் பெட்டியில் வைத்து வளர்க்கப் போகிறேன் என்று என் வீட்டுக்காரர் சொன்னபோதுதான் பேச்சு வளர்ந்தது. அவர் தாளில் எழுதிக் காட்டிய எண்ணிக்கை ஐந்து. நான் சொன்னது ஒன்றுமே வேண்டாம். மூன்று மாதம் இழுத்து, கடைசியில் ஒன்றில் வந்து நின்றது. வெளிநாட்டு வேலைக்குப் போன அவருடைய நண்பர் வளர்க்க முடியாமல் கொடுத்த, சிலி நாட்டு ரோஸ் ஹேர் ஜாதிப் பெண் சிலந்தி. இதே பேச்சு நடக்கிற வீடுகளுக்கு உதவுமே என்று எழுதுகிறேன்.

1. எண்ணிக்கையை இருவரும் தனித்தனித் தாளில் எழுதுங்கள். இரண்டில் எது சிறியதோ அதுதான் எண்ணிக்கை. நடுவில் பிரித்துக்கொள்ள இது கத்தரிக்காய் விலை இல்லை. ஆசைப்படுகிறவரால் எத்தனை பார்த்துக்கொள்ள முடியும் என்று கேட்பதே தப்பு. அவர் ஊரில் இல்லாதபோது மற்றவரால் எத்தனை பார்த்துக்கொள்ள முடியும் என்று கேளுங்கள். கடையநல்லூர், தென்காசிப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவிலோ பெங்களூரிலோ இருக்கிறார். பெட்டியோடு வீட்டில் இருக்கப்போவது பெரும்பாலும் ஆசைப்படாதவர்தான்.

2. வயதைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். ஆண் சிலந்தி பருவம் வந்தபின் அதிக நாள் இருக்காது. பல ஜாதிகளில் பெண் இருபது ஆண்டுகளைத் தாண்டும். இன்று குட்டியாக வாங்கினால், இப்போது பால்வாடி போகிற பிள்ளை கல்லூரி முடித்து வரும்போதும் அது அதே மூலையில் உட்கார்ந்திருக்கும். ஆஸ்திரேலியாவில் பார்பரா யார்க் மெயின் என்ற ஆய்வாளர் 1974-இலிருந்து கவனித்து வந்த 16-ஆம் எண் சிலந்தி 43 வயதில், 2016-இல் செத்தது. அது டரான்டுலா அல்ல, பொறிக்கதவு வைத்து வளையில் வாழும் தூரத்துச் சொந்தம். ஆனாலும் அந்த வகையறாவின் ஆயுள் எப்படிப்பட்டது என்பதற்கு அது போதும்.

3. துணை இல்லாமல் பாவம் என்று ஜோடி சேர்க்க வேண்டாம். ஒரே பெட்டியில் இரண்டு போட்டால் பெரும்பாலும் காலையில் ஒன்றுதான் மிஞ்சும். ஒரு சிலந்திக்கு ஒரு பெட்டி. முட்டைப் பை வைத்தால் குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் வரும். அப்புறம் எண்ணிக்கை உங்கள் கையில் இல்லை.

4. கொசுவத்திச் சண்டையை முதலிலேயே முடித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் நிஜமான தகராறு இதில்தான் வந்தது. சிலந்தியைப் பார்த்து நான் பயப்படவில்லை, கொசுவுக்கு என்ன வழி என்றுதான் கேட்டேன். கொசுவத்திச் சுருள், செருகி வைக்கும் திரவம், கரப்பானுக்கு அடிக்கும் ஸ்பிரே இவற்றில் எல்லாம் இருப்பது பூச்சிக்கொல்லி. அதற்குப் பூச்சி வேறு, சிலந்தி வேறு என்று தெரியாது. எறும்புச் சாக்கட்டியும் அப்படித்தான். எனவே சிலந்தி இருக்கும் அறையில் இவை கூடாது. மழை நாளில் தெருவில் கொசுப் புகை அடிக்க வருவார்கள். சத்தம் கேட்டதுமே அந்த அறையின் சன்னலைச் சாத்த வேண்டும். எங்கள் வீட்டில் இருப்பது இரண்டு அறை, ஒரு பட்டாசல், ஒரு தார்சா. சுருள் கொளுத்தாமல் இருக்க முடிந்தது ஒரே ஓர் அறையில்தான். வலை கட்டிக்கொண்டு அங்கே அவர் படுக்கிறார். ஐந்து ஒன்றானதற்குப் பாதிக் காரணம் கொசு.

5. சாரல் விருந்தாளிகளைக் கணக்கில் சேருங்கள். ஜூன் பிறந்தால் தென்காசிக்காரர் வீடு சத்திரம். திருநெல்வேலி, மதுரை, சென்னை என்று எல்லா ஊர்ச் சொந்தமும் ஐந்தருவியில் குளித்து, ஈரத் துண்டோடு நம் வீட்டுக்கு வரும். எல்லா அறையிலும் பாய் விரிக்கும்படி ஆகும். போன சீசனில் மதினியின் பையன், ஆறு வயது, பெட்டிக்குள் இருப்பது பொம்மை என்று நினைத்து மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். அன்றைக்கே பூட்டுப் போட்டோம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை எத்தனை பெட்டியைப் பூட்டிய அலமாரிக்குள் வைக்க முடியும் என்று பாருங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

6. பெட்டி எடையாக இருக்கட்டும். செங்கோட்டைக் கணவாய் வழியாக அடிக்கும் ஆடிக் காற்று லேசான பிளாஸ்டிக் டப்பாவைத் தள்ளிவிடும். டரான்டுலாவுக்கு வயிறு தண்ணீர் நிறைந்த பலூன் மாதிரி. இடுப்பு உயரத்திலிருந்து விழுந்தாலே வெடித்துவிடலாம். தரையில் வாழும் ஜாதிக்கு உயரமான பெட்டி வாங்காமல் அகலமானதாக வாங்குங்கள். கண்ணாடியில் ஏறி விழுந்தாலும் அடிபடாது.

7. சாரலில் பூசணம், சித்திரையில் வெயில் என்று இரண்டையும் சமாளிக்க வேண்டும். உள்ளே பரப்பும் தேங்காய் நார்த்தூள் ஜூலை மாதத்தில் தானாகவே ஈரம் பிடிக்கும். ரோஸ் ஹேருக்குக் காய்ந்த தரைதான் பிடிக்கும். ஒரு வாளித் தூளை மே மாதமே வெயிலில் நன்றாகக் காயவைத்து, இறுக்கமான டின்னில் போட்டு வையுங்கள். கோடையில் ஓட்டுக்கூரைக்குக் கீழோ, மேற்குச் சுவரை ஒட்டியோ பெட்டி வேண்டாம். சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். பஞ்சு போட வேண்டாம், அது அழுகும்.

8. இரையையும் எண்ணுங்கள். ஒரு பெரிய சிலந்திக்கு வாரத்துக்கு ஒரு பூச்சி போதும், செலவு ஒன்றுமே இல்லை என்றார் அவர். உண்மைதான். ஆனால் அந்தப் பூச்சியும் உயிரோடு வேண்டும். ஐந்து சிலந்தி என்றால் ஒரு டப்பா கரப்பானோ சிள்வண்டோ வீட்டில் தனியாக வளரும். சிலந்தி இரவில் சத்தம் போடாது, சிள்வண்டு போடும். ஒன்றே ஒன்று என்றால் லவ் பேர்ட்ஸ், மீன் விற்கிற கடையில் சூப்பர் வோர்ம் வாங்கிக்கொள்ளலாம். வயலில் வெட்டுக்கிளி பிடித்துப் போடாதீர்கள். நெல்லுக்கு அடித்த மருந்து அதன் உடம்பில் இருக்கும். தின்னாமல் மிஞ்சிய பூச்சியை மறுநாள் எடுத்துவிடுங்கள்.

9. பட்டினி கிடந்தால் பதற வேண்டாம். ரோஸ் ஹேர் மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும், ஒன்றும் ஆகாது. பத்து நாள் ஊருக்குப் போவதென்றால் தண்ணீர் மட்டும் வைத்துவிட்டுப் போகலாம். நாயும் பூனையும் வளர்ப்பவர்களுக்கு இந்தச் சௌகரியம் கிடையாது.

10. மல்லாந்து கிடந்தால் தொடாதீர்கள். ஒரு நாள் காலையில் அவர் வேலைக்குப் போயிருந்தார். பெட்டியைப் பார்த்தால், எட்டுக் காலையும் மேலே தூக்கியபடி மல்லாந்து கிடக்கிறது. மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, “செத்துப்போச்சுளா, சவத்தத் தூரப் போடு” என்றார்கள். முறம் வரைக்கும் எடுத்துவிட்டேன். எதற்கும் கேட்போம் என்று போன் போட்டேன். “தொடாத, தொடாத, சட்டை உரிக்குது” என்று அந்தப் பக்கம் கத்தல். பாம்பு மாதிரிதான், ஆனால் மல்லாந்து படுத்து உரிக்கும். செத்த சிலந்தி அநேகமாகக் குப்புறத்தான் கிடக்கும், கால்கள் உள்ளே மடங்கியிருக்கும். நான் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். முதுகோடு விரிசல் விட்டு, பழைய காலுக்குள்ளிருந்து புதுக் கால் ஒவ்வொன்றாக வெளியே வந்தது, நனைந்த கையுறையிலிருந்து விரலை உருவுவது போல. புதிதாக வந்தது வெளுத்து, தொட்டால் கிழியும் போல இருந்தது. பகல் சோறு அன்றைக்குத் தாமதம். உரித்தபின் ஒரு வாரம், பத்து நாளுக்கு இரை போடக் கூடாது, பல் இறுகியிருக்காது. பூச்சியே அதைக் கடித்துவிடும். சிற்றெறும்பு வந்தாலும் ஆபத்து. சீனி டப்பாவுக்குச் செய்வது போல, பெட்டியைத் தண்ணீர்த் தட்டுக்கு நடுவில் வையுங்கள்.

11. கண்ணைக் காத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கண்டத்து டரான்டுலாக்கள் பலவற்றின் வயிற்றில், பூனைக்காலியின் சுணை போல அரிக்கும் முடி உண்டு. பயந்தால் பின்னங்காலால் உதறிவிடும். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், கண் சிவந்து நீர் வடிகிறது என்று 2009-இல் ஒருவர் மருத்துவமனைக்கு வந்தார். பார்த்தால் விழியில் மெல்லிய முடிகள் குத்தி நின்றன. வளர்ப்புச் சிலந்தியின் கண்ணாடித் தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது முகத்தில் பட்டவை. அதுவும் எங்கள் வீட்டில் இருக்கும் ரோஸ் ஹேர் ஜாதிதான். துடைக்கும்போது கண்ணாடி அணிவதும், முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதும் எங்கள் வீட்டுச் சட்டம். உரித்த சட்டையிலும் சுணை இருக்கும். பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். கையில் ஏற்றி விளையாடுவது அதற்கும் தேவையில்லை, நமக்கும் தேவையில்லை.

12. காகிதம் இல்லாத சிலந்தி வேண்டாம். தூரத்துக் கதை சொல்லவில்லை. 2021 ஜூலையில் போலந்து நாட்டிலிருந்து, நம் பக்கத்து மாவட்டமான விருதுநகரின் அருப்புக்கோட்டை முகவரிக்கு ஒரு பார்சல் வந்தது. சென்னையில் சுங்கத் துறையினர் பிரித்தார்கள். தெர்மோகோல் பெட்டி, உள்ளே வெள்ளித்தாளும் பஞ்சும் சுற்றிய சின்னச் சின்னக் குப்பிகள், குப்பிக்கு ஒன்றாக 107 சிலந்திகள், எல்லாம் உயிரோடு. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்து ஜாதிகள் என்று அடையாளம் சொன்னார்கள். இறக்குமதி உரிமமும் இல்லை, உடல்நலச் சான்றும் இல்லை. பார்சலைப் போலந்துக்கே திருப்பி அனுப்ப முடிவானது. நூற்றேழு என்ற எண்ணைப் படித்த அன்றைக்கு எங்கள் வீட்டு ஐந்து எனக்குச் சின்னதாகத் தெரிந்தது, அதை அவரிடம் சொல்லவில்லை.

சட்டமும் இப்போது இறுகியிருக்கிறது. வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-இல் செய்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது. சைட்டிஸ் என்னும் பன்னாட்டு ஒப்பந்தப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிர்களை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும். அதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வந்தன, பதிவு பரிவேஷ் இணையதளத்தில். ஆசையாக எல்லோரும் கேட்கும் சிவப்பு முழங்கால் மெக்சிகோ ஜாதி அந்தப் பட்டியலில் இருக்கிறது. அந்த விதிகள் வந்தபோது ரோஸ் ஹேர் அதில் இல்லை. எந்த ஜாதி, எங்கிருந்து வந்தது, கையில் என்ன காகிதம் என்று மூன்றையும் கேட்காமல் காசு கொடுக்காதீர்கள். வீட்டுத் தலைவர் பெயரில் வழக்கு வந்தால் அலைவது இருவரும்தான்.

13. வாடகை வீடு என்றால் வீட்டுச் சொந்தக்காரரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பக்கத்து வீட்டு அக்காவிடமும் சொல்லுங்கள். அவர்களாகக் கண்டுபிடித்தால் ஒன்று பத்தாகித் தெருவில் பரவும்.

14. இரண்டாவதைப் பற்றிய பேச்சு ஒரு வருடம் கழித்து. ஒரு சித்திரை, ஒரு சாரல், ஒரு சட்டை உரிப்பு, ஒரு வெளியூர்ப் பயணம் இத்தனையும் கடந்த பிறகு மறுபடி இரண்டு தாளை எடுங்கள். எங்கள் வீட்டில் போன மாதம் எடுத்தோம். அவர் மூன்று என்று எழுதியிருந்தார். நான் ஒன்று. அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

15. மலையிலிருந்து எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள். காசு கொடுத்து வாங்குவானேன், செண்பகாதேவி அருவிப் பாதையில் மரப்பொந்தில் இருக்கிறதே என்று ஒரு சின்னப் பையன் எங்கள் வீட்டுக்கே வந்து சொன்னான். காப்புக்காட்டிலிருந்து எந்த உயிரையும் எடுத்து வருவது குற்றம். அதோடு, மேற்குத் தொடர்ச்சி மலையில் மரத்தில் வாழும் பொய்சிலோதீரியா வகைச் சிலந்திகள் இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே உண்டு. 2019-இல் அந்த வகை முழுவதையும் சைட்டிஸ் பட்டியலில் சேர்த்தார்கள். இவற்றுக்குச் சுணை கிடையாது, அதற்குப் பதில் விஷம் கடுமை. கடித்தால் ஆள் சாவதில்லை, ஆனால் தசைப்பிடிப்பு நாள்கணக்கில் விடாது. பழைய மரம் போனால் இவை வேறு எங்கே போகும்? இலங்கையில் மாங்குளத்துப் பக்கம் 2009-இல் ஊர்க்காரர்கள் கண்டெடுத்துக் கொடுத்த புது ஜாதி ஒன்று, தேடிப் போனபோது பழைய மருத்துவமனை விடுதிக் கட்டடத்தில் இருந்தது. 2012-இல் அதற்குப் பெயர் வைத்தார்கள்.

இந்தச் சாரலுக்குக் குற்றாலம் வருகிறவர்கள், மரத்திலோ விடுதிச் சுவரிலோ பெரிய சிலந்தியைப் பார்த்தால் செருப்பையும் எடுக்க வேண்டாம், டப்பாவையும் எடுக்க வேண்டாம். தள்ளி நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு வந்துவிடுங்கள்.