தோழிகளோடு ஒரு தேர்க்கோயில்!

தோழிகள் சேர்ந்து வேன் பேசிக் கிளம்பினால், ஒரே நாளில் ஏழெட்டுத் தலங்களைப் பார்த்துவிடத் துடிக்கிறோம். அவசரமாகக் கும்பிட்டு அடுத்த ஊருக்கு ஓடுகிறோம். வீடு திரும்பியதும், எந்த ஊரில் எந்த அம்பாளைத் தரிசித்தோம் என்பதே குழம்பிவிடுகிறது!

கீரப்பாளையம், சிதம்பரம் பக்கத்துப் பெண்களுக்கும், தில்லைக் கூத்தனைத் தரிசிக்க வெளியூரிலிருந்து வருபவர்களுக்கும் ஒரு யோசனை. ஒரு மாலைப்பொழுதை முழுவதுமாக மேலக்கடம்பூருக்கே கொடுங்கள். காட்டுமன்னார்கோயிலை அடுத்த சிற்றூர் இது. சுவாமி, அமிர்தகடேஸ்வரர்; அம்பாள், வித்யுஜ்ஜோதிநாயகி.

முதலில் யாரை வணங்குவது?

அமிர்தம் கடைந்த தேவர்கள் விநாயகரை வணங்க மறந்தனர். அதனால் அவர் அமிர்த கலசத்தை எடுத்துச் செல்ல, அதிலிருந்து சிந்திய துளியே இங்கு லிங்கமானது என்கிறது தலபுராணம்.

இந்திரனின் தாய் இத்தலத்து ஈசனை வழிபட்டு வந்தாள். வயதான தாய் சிரமப்படக் கூடாதென்று, கோயிலையே தேராக்கி தேவலோகத்துக்கு இழுத்துச் செல்ல முயன்றான் இந்திரன். அவனும் விநாயகரை மறந்தான். அவர் காலால் அழுத்த, தேர் நகரவில்லை! நல்ல எண்ணம்தான்; ஆனாலும் முறை தவறியது. பேச்சும் சிரிப்புமாக வந்து இறங்கும் நாமும், முதலில் விநாயகர் முன் ஒரு நிமிடம் நிற்போம்.

சக்கரம் பூட்டிய கருவறை

அடுத்து, கருவறையின் வெளிச்சுவரை நிதானமாக வலம் வாருங்கள். சக்கரங்களும் குதிரைகளுமாக, கருவறையே தேர் வடிவில் நிற்கிறது. இதைக் கல்லில் எழுப்பியது முதலாம் குலோத்துங்க சோழன் (1070-1120) காலத்தில். ஒடிசாவின் கோனார்க் சூரியன் கோயில் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இது அதற்கும் முந்தியது!

7-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்பர் பெருமானே இதைக் 'கரக்கோயில்' என்று பாடியிருக்கிறார். இந்தக் கற்கோயில் எழும் முன்பே தலத்துக்கு அந்தப் பெயர் இருந்திருக்கிறது.

காளை மீது ஆடும் ஈசன்

சிதம்பரத்தில் முயலகன் மீது ஆடும் நடராஜரைப் பார்த்திருப்பீர்கள். இங்கோ, பத்துக் கரங்களுடன் ரிஷபத்தின் மீதே ஆடுகிறார். வங்காளத்துப் பாலர் கலைப்பாணியில் அமைந்த செப்புத்திருமேனி இது. ராஜேந்திர சோழனின் கங்கைப் படையெடுப்போடு இங்கு வந்திருக்கலாம் என்று கருதுபவர்கள் உண்டு. பிரதோஷ வேளையில்தான் இவரது தரிசனம் என்பதால், அந்த நாளாகப் பார்த்துச் செல்லுங்கள்.

ஆளுக்கொரு பணி

தன்னைத் தாங்குவது ஈசனின் கடமை, தொண்டு செய்து கிடப்பதே தன் கடமை என்று அப்பர் பாடியது இந்தத் தலத்து இறைவனைத்தான். தோழிகளாகச் செல்வதன் பலனும் இங்கேதான் இருக்கிறது. ஒருத்தி விளக்குக்கு எண்ணெய் எடுத்து வரட்டும். ஒருத்தி பூத்தொடுத்து வரட்டும். தேவாரம் தெரிந்தவள் பாடட்டும். மற்றவர்கள் குருக்களிடம் கேட்டுக்கொண்டு பிராகாரத்தைப் பெருக்கலாம். தனியாகச் செய்யக் கூச்சப்படும் தொண்டும், நாலு பேர் சேர்ந்தால் எளிதாகிவிடும்.

எப்படிச் செல்வது?

சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் சென்று, அங்கிருந்து மேலக்கடம்பூரை அடையலாம். நடுப்பகலில் நடை சாத்தியிருக்கும் என்பதால், மாலை நடை திறக்கும் நேரத்தைக் கேட்டறிந்து புறப்படுங்கள்.