தலைவலிக்குப் பின்மண்டையில் ஊசி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலை வலித்து, அது 3 மாதத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவர்கள் அதை நாள்பட்ட தலைவலி என்பார்கள். மாத்திரைகள் கைகொடுக்காதபோது, இவர்களில் சிலருக்கு நரம்பை நாடிச் செய்யும் சிகிச்சைகள் உண்டு. நரம்பைச் சுற்றி மரப்பு மருந்து செலுத்துவது, தலை, கழுத்துத் தசைகளில் போட்டாக்ஸ் போடுவது, கழுத்து மூட்டின் நரம்பை ரேடியோ அலையால் சுடுவது ஆகியவை இவற்றில் முக்கியமானவை. கத்தி இல்லை, தையல் இல்லை. பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். ஆனாலும் ‘நரம்பில் ஊசி’ என்றதுமே வீட்டில் எல்லோரும் கலங்கிப்போகிறார்கள்.

நரம்பில் ஊசி பட்டால் கை கால் விழுந்துவிடும் என்பதுதான் முதல் அச்சம். இந்த ஊசி நாடும் பெரிய பின்மண்டை நரம்பு, கை கால்களை அசைக்கும் நரம்பு அல்ல. கழுத்தின் மேற்பகுதியில், தண்டுவடத்தின் இரண்டாம் நரம்பிலிருந்து கிளம்பி, பிடரித் தசைகளைத் துளைத்துக்கொண்டு உச்சி வரை ஏறும் உணர்வு நரம்பு அது. மண்டை ஓட்டுக்கு வெளியே, தோலுக்குச் சற்றுக் கீழேதான் கிடக்கிறது. மூளைக்குள்ளோ தண்டுவடத்துக்குள்ளோ ஊசி போவதில்லை. முன்பு அந்த இடத்தில் மண்டை ஓட்டைத் திறந்து அறுவை செய்துகொண்டவர்கள் மட்டும் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அங்கே எலும்பில் இடைவெளி இருந்தால் மருந்து உள்ளே பரவக்கூடும்.

செய்முறையும் எளியதுதான். நோயாளி உட்கார்ந்து, முன்னால் உள்ள மேசைமீது தலையணையில் நெற்றியைச் சாய்த்துக்கொள்கிறார். பின்மண்டையின் நடுவில் விரலுக்குத் தட்டுப்படும் எலும்பு மேட்டுக்கும் காதுக்குப் பின்னுள்ள எலும்புக்கும் இடையே ஒரு கோட்டைக் கற்பனை செய்தால், மேட்டிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் நரம்பு கடக்கிறது. அந்த இடத்தை அழுத்தியதும் பலர் ‘அங்கேதான்’ என்று முகம் சுளிப்பார்கள். பக்கத்திலேயே ரத்தக் குழாய் ஓடுவதால், மருத்துவர் அதன் துடிப்பை விரலால் பார்த்துக்கொண்டு, மெல்லிய ஊசியால் சில மில்லி லிட்டர் மருந்தைச் செலுத்துகிறார். பல் பிடுங்குமுன் போடும் அதே லிக்னோகெயின்தான், அல்லது அதன் உறவான பியூபிவகெயின். சில நிமிடங்களில் பிடரியிலிருந்து உச்சி வரை மரத்துப்போகும். சீப்பை வைத்தால் வேறொருவர் தலையைச் சீவுவதுபோல் இருக்கும்.

‘வலி கண்ணுக்குப் பின்னால், ஊசி பிடரியிலா?’ என்பது நியாயமான கேள்வி. முகம், கண், மூளையைச் சுற்றியுள்ள உறை ஆகியவற்றின் வலியை முப்பெரு நரம்பு கொண்டுசெல்கிறது. பிடரியின் வலியைக் கழுத்தின் மேல் நரம்புகள் கொண்டுசெல்கின்றன. இரண்டு வாய்க்கால்களும் ஒரே குளத்தில் கலப்பதுபோல, இவை இரண்டும் மூளைத்தண்டும் கழுத்துத் தண்டுவடமும் சேரும் இடத்தில் உள்ள ஒரே நரம்பணுக் கூட்டத்தில் சேர்கின்றன. அதனால்தான் ஒற்றைத் தலைவலி நெற்றிப்பொட்டில் தெறிக்கும்போது பிடரியும் இறுகுகிறது. அதனால்தான் பின்னால் ஒரு வாய்க்காலை அடைத்தால் முன்னாலும் வலி தணிய வழி பிறக்கிறது. மரப்பு சில மணி நேரத்தில் போய்விடும். பலன் கிடைப்பவர்களுக்கோ அது வாரக்கணக்கில் நிற்கலாம். பல மாத்திரைகள் விலக்கப்பட்ட கர்ப்பிணிகளுக்கு லிக்னோகெயின் ஊசி கைகொடுப்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வது அவர்கள் தலையெழுத்து அல்ல.

எல்லா ஊசியும் ஸ்டீராய்டு என்பதும் தவறு. கண்ணைச் சுற்றிக் குத்தித் துளைத்து, கண்ணீரும் மூக்கு நீரும் வரவைக்கும் கொத்துத் தலைவலிக்கு ஸ்டீராய்டு கலந்த ஊசி நன்றாக வேலை செய்கிறது. ஒற்றைத் தலைவலிக்கு மரப்பு மருந்து மட்டுமே போட்டாலும் பலன் பெரிதாகக் குறைவதில்லை. ஸ்டீராய்டு கலந்தால் ஊசி போட்ட இடத்தில் முடி உதிரலாம், தோல் குழியலாம். சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாள் சர்க்கரை ஏறும். ‘எனக்குச் சுகர் இருக்கிறது’ என்பதை ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

போட்டாக்ஸ் என்றதும் சினிமா நட்சத்திரங்களின் நெற்றிதான் நினைவுக்கு வருகிறது. கதை தொடங்கியதும் அங்கிருந்துதான். 1990-களில் அமெரிக்க முக அறுவை மருத்துவர் வில்லியம் பைண்டரிடம் சுருக்கத்துக்கு ஊசி போட்டுக்கொண்டவர்கள், தங்கள் தலைவலியும் குறைந்ததாகச் சொன்னார்கள். தொடர்ந்து நடந்த ஆய்வுகளின் முடிவில், 2010-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு நாள்பட்ட ஒற்றைத் தலைவலிக்கு இதை அனுமதித்தது. நெற்றி, பொட்டு, பின்மண்டை, கழுத்து, தோள் என 31 இடங்களில் மொத்தம் 155 யூனிட். 12 வாரங்களுக்கு ஒரு முறை. சுருக்கம் போவதால் வலி போவதில்லை. நரம்பு நுனிகள் வலியைக் கடத்த வெளிவிடும் ரசாயனங்களை இந்த மருந்து தடுக்கிறது. முதல் சுற்றில் பலன் தெரியாமல் இரண்டாவது, மூன்றாவது சுற்றில் தெரிபவர்கள் உண்டு. முதல் ஊசியோடு கைவிடுவது அவசரம். கழுத்து வலி, இமை சற்றுத் தொங்குவது போன்றவை வரலாம். அவை மெல்லச் சரியாகும். எப்போதாவது வரும் தலைவலிக்கும், மன இறுக்கத் தலைவலிக்கும் இது சிகிச்சை அல்ல.

ரேடியோ அலைச் சிகிச்சை பற்றிய தவறான எண்ணம் ஊசி பற்றிய அச்சத்துக்கு நேர்மாறானது: நரம்பைச் சுட்டுவிட்டால் வலி நிரந்தரமாக ஒழியும் என்பது. இது கழுத்து மூட்டிலிருந்து கிளம்பும் தலைவலிக்கு, குறிப்பாக விபத்தில் கழுத்து வெடுக்கென்று முன்னும் பின்னும் சுண்டப்பட்டபின் வருவதற்கு உரியது. முதலில் அந்த நரம்பில் மரப்பு மருந்து போட்டுச் சோதிப்பார்கள். வலி தெளிவாகக் குறைந்தால் மட்டுமே, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி ஊசி நுனியைச் சுமார் 80 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கிச் சுடுவார்கள். நரம்பு மீண்டும் வளரும். பல மாதம் கழித்து வலி திரும்பினால் திரும்பச் செய்யலாம்.

இவை எதையும் வீணாக்கிவிடும் பழக்கம் ஒன்று உண்டு. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் கூட்டு வலி மாத்திரையை மாதத்தில் 10 நாளோ, வெறும் பாராசிட்டமாலை 15 நாளோ மாதக்கணக்கில் போட்டுவந்தால், அந்த மாத்திரையே தினசரித் தலைவலியை உண்டாக்கும். அதைக் குறைக்காமல் ஊசி மட்டும் போட்டால் முழுப்பலன் கிடைப்பது அரிது. ‘சைனஸ்’ என்று ஆண்டுக்கணக்கில் ஆவி பிடிப்பவர்களில் பலருக்கு இருப்பது ஒற்றைத் தலைவலி. அதிலும் மூக்கு அடைக்கும், நீர் வடியும். எந்தத் தலைவலி என்று பெயர் தெரிந்த பிறகே எந்த ஊசி என்ற பேச்சு வர வேண்டும்.

சில தலைவலிகள் ஊசிக்காகக் காத்திருக்கக் கூடாதவை. இடி விழுந்ததுபோல் ஒரே நிமிடத்தில் உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் பலவீனம் ஆகியவை நேரே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டியவை. 50 வயதுக்கு மேல் புதிதாகப் பொட்டில் வலியும், மெல்லும்போது தாடை வலியும் வந்தால் அது தலை ரத்தக் குழாயின் அழற்சியாக இருக்கலாம். அதற்கு அன்றே ரத்தப் பரிசோதனையும் ஸ்டீராய்டு மருந்தும் வேண்டும். தாமதித்தால் கண் பார்வை போகலாம்.