எண்ணெய் கேனில் தேதி எழுது, தங்கச்சி

உன் வீட்டுக்காரருக்கு நாற்பது தாண்டியதும் கொலஸ்ட்ரால் கூடியிருக்கிறது என்று நீ போனில் சொன்ன அன்றைக்கே இதை எழுத உட்கார்ந்தேன். என்ன சமைத்துப் போடலாம், ஏதாவது கஷாயம் இருக்கிறதா என்று கேட்டாய். கஷாயத்தைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். முதலில் அடுக்களைக்குப் போய், எண்ணெய் கேன் மேல் மார்க்கர் பேனாவால் இன்றைய தேதியை எழுது.

டாக்டர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு, தலைக்கு மாதம் அரை லிட்டர். ஒரு நாளைக்கு மூன்று டீஸ்பூன்தான் வரும். நீங்கள் நாலு பேர், மாதம் இரண்டு லிட்டர். நான் முதன்முதலாகத் தேதி எழுதி வைத்தபோது எங்கள் வீட்டு ஐந்து லிட்டர் கேன் நாற்பதே நாளில் காலியானது. நாங்களும் நாலே பேர். அதுவரை நான் எண்ணெய் கம்மியாகத்தான் ஊற்றுகிறேன் என்று மனதார நம்பியிருந்தேன். கேனைச் சாய்த்து ஊற்றுகிற கைக்கு அளவு தெரியாது. இப்போது திங்கட்கிழமை காலையில் அரை லிட்டரைச் சின்ன பாட்டிலில் ஊற்றி அடுப்பு மேடையில் வைக்கிறேன். வாணலியில் விழுவது ஸ்பூனால் மட்டும். வெள்ளிக்கிழமையே பாட்டில் தீர்ந்துவிட்டால் சனி, ஞாயிறு இட்லி, கொழுக்கட்டை, கூட்டு என்று ஓட்டிவிடுவேன்.

எந்த எண்ணெய் என்பது இரண்டாவது கேள்வி. கடலை எண்ணெய், நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், எதுவானாலும் மாற்றி மாற்றி வாங்கு. பாமாயிலில் பாதிக்குப் பாதி, கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும் நிறைகொழுப்பு. தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு வரை அதுதான். செக்கில் ஆட்டியது என்பதால் அந்தக் கணக்கு மாறாது. அவியலுக்குக் கடைசியில் ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் விடுவதை நான் குறை சொல்ல மாட்டேன். தினசரித் தாளிப்புக்கும் பொரியலுக்கும் அது வேண்டாம்.

பூரி சுட்ட எண்ணெயை வடிகட்டித் தூக்கில் ஊற்றி வைத்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பளம் பொரிக்க எடுப்பாயே, அதை மட்டும் இன்றோடு விட்டுவிடு. திரும்பத் திரும்பக் காயும் எண்ணெயில் உடம்புக்கு ஆகாத பொருள்கள் சேர்ந்துகொண்டே போகும். மிச்சமான எண்ணெயை ஒன்றிரண்டு நாளுக்குள் தாளிப்பில் தீர்த்துவிடு. மறுபடி பொரிக்காதே. அப்படிச் சேர்பவற்றில் ஒன்றான டிரான்ஸ் கொழுப்பு எண்ணெயில் இரண்டு சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2022 ஜனவரி முதல் நம் நாட்டில் சட்டமே இருக்கிறது. ஆனால் தெருமுனைக் கடையில் காலையிலிருந்து கொதித்துக் கருத்துப்போன வாணலியை யார் அளந்து பார்க்கிறார்கள்? பிள்ளைகளுக்குப் பஜ்ஜி ஆசை வந்தால் வீட்டில் போட்டுக் கொடு.

உப்பு பாக்கெட்டிலும் இதேபோல் தேதி எழுது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒருவருக்கு நாளைக்கு ஐந்து கிராமுக்குக் கீழே. நாலு பேருக்கு இருபது கிராம் என்று வைத்துக்கொண்டால் ஒரு கிலோ பாக்கெட் ஐம்பது நாள் வர வேண்டும். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு, மிக்சர் இதெல்லாம் அந்தப் பாக்கெட்டுக்கு வெளியே வரும் உப்பு. அதையும் சேர்த்தால் பாக்கெட் இன்னும் அதிக நாள் வந்தாக வேண்டும். இந்துப்புக்கு மாறிவிட்டேன் என்று நிம்மதியாக இருக்காதே. அதுவும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான், அயோடினும் இருக்காது. சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில பிபி மாத்திரைகள் சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

தட்டு விஷயத்தில் ஒன்றுதான் சொல்வேன். சோற்றைச் சாப்பிட்டுக் காயைத் தொட்டுக்கொள்வது நம் வழக்கம். அதைத் திருப்பிப் போடு. காய், கீரை, பருப்பு, சுண்டல் பாதித் தட்டுக்கு மேல் இருக்கட்டும், சோறு ஓரமாக வரட்டும். நம் ஊர்க்காரர்களின் ரத்தப் பரிசோதனையில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு ஏறி, நல்ல கொலஸ்ட்ரால் இறங்கி நிற்பது சகஜம். எண்ணெயை மட்டும் குறைத்துவிட்டுச் சோறு, மைதா, சர்க்கரையை அப்படியே விட்டால் டிரைகிளிசரைடு இறங்காது. அசைவம் உண்டு என்றால் மத்தியும் காணாங்கெளுத்தியும் வாரம் இரண்டு நாள் வாங்கு, வறுக்காமல் குழம்பு வை. விலையும் கம்மி, ஒமேகா-3 கொழுப்பும் தாராளம். பாதாம் வாங்கக் கட்டுப்படியாகவில்லையா? ஒரு கைப்பிடி வேகவைத்த நிலக்கடலை போதும்.

வயது கம்மிதானே என்று உன் வீட்டுக்காரர் தட்டிக்கழிப்பார். கேரளத்தில் பிறந்த டாக்டர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், முதல் மாரடைப்பு வந்த தெற்காசியர்களின் சராசரி வயது 53. மற்ற நாட்டவருக்கு 59 அளவில் இருந்தது. புகை, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால், தொப்பை, மன அழுத்தம், காய்பழம் இல்லாத சாப்பாடு, உடல் அசையாமை, மது ஆகிய ஒன்பதுமே ஆபத்தின் பெரும்பகுதிக்குக் காரணம் என்று கண்டார்கள். ஒன்பதில் எத்தனை நம் கைக்குள் இருக்கிறது என்று எண்ணிப் பார். தையல் டேப்பால் இடுப்பை அளந்துவிடு: ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. நடை வாரத்துக்கு 150 நிமிடம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம்.

சாப்பாட்டாலும் யோகாவாலும் இதயக் குழாய் அடைப்பே குறைந்துவிடுமாமே என்று கேட்டாயே, அதற்கு ஒரு நிஜக் கதை இருக்கிறது. கோயம்புத்தூர் பக்கம் செட்டிப்பாளையத்தில் பிறந்து அமெரிக்கா போன சுவாமி சச்சிதானந்தாவிடம் யோகா கற்றவர் டாக்டர் டீன் ஆர்னிஷ். 1990-ல் அவர் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட ஆய்வில் 48 இதய நோயாளிகள். அதில் 28 பேர் ஒரு வருடம் கொழுப்பு மிகக் குறைந்த சைவச் சாப்பாடு, நடை, யோகா, புகையை விடுதல், கூடி உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுதல் என்று இருந்தார்கள். அவர்களுடைய அடைப்பு சராசரியாக 40 சதவீதத்திலிருந்து 37.8 ஆனது. மற்றவர்களுக்கு 42.7-லிருந்து 46.1-க்கு ஏறியது. இறங்கியது கொஞ்சம்தான், ஆனால் ஏறாமல் நின்றதே பெரிய காரியம் என்பது என் எண்ணம். ஐந்தையும் சேர்த்துச் செய்தவர்களுக்குக் கிடைத்த பலன் அது, அதுவும் டாக்டர் கண்காணிப்பில். காலையில் பத்து நிமிடம் மூச்சுப் பயிற்சி செய்துவிட்டு மாத்திரையைத் தூக்கிப் போட அதில் இடமில்லை.

இப்போது கஷாயம். நம் அப்பாவுக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்த வருடம் நீ ஹாஸ்டலில் இருந்தாய், உன்னிடம் யாரும் சொல்லவில்லை. யாரோ சொன்னார்கள் என்று மருதம்பட்டைக் கஷாயம் குடிக்க ஆரம்பித்தார். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் பீரோவில் வேட்டிக்கு அடியில் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரை, மூன்று அட்டை, ஒன்றுகூடப் பிரிக்காமல் கிடந்தது. “கஷாயம் குடிக்கிறேனே, அது எதுக்கும்மா” என்றார். எனக்குக் கையெல்லாம் நடுங்கிவிட்டது. ஸ்டென்ட் வைத்தவர் அந்த மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளலாம். அன்று சாயங்காலமே டாக்டரிடம் கூட்டிப்போனேன், கஷாயப் பொடி டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு.

நீயும் அப்படியே செய். சித்த மருந்தோ ஆயுர்வேதமோ சத்து மாத்திரையோ, வீட்டில் இருப்பதை எல்லாம் ஒரு பையில் போட்டு டாக்டர் மேஜையில் வை. சித்த மருத்துவரிடம் போனால் இங்கிலீஷ் மாத்திரைச் சீட்டைக் காட்டு. இருமலுக்கு நாம் வாயில் அடக்கும் அதிமதுரத்தைத் தொடர்ந்து சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். ரசத்தில் பூண்டு நல்லது. ரத்தத்தை இளக்கும் மாத்திரையோடு பூண்டு கேப்சூலையும் விழுங்கினால் ரத்தக்கசிவுக்கு வழி. ரத்தத்தை இளக்கும் மாத்திரைகளில் வார்ஃபரின், அசிட்ரோம் சாப்பிடுபவர்கள் கீரையை விட வேண்டியதில்லை, ஆனால் வாரா வாரம் ஒரே அளவாக இருக்க வேண்டும்.

உன்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரியவள் வயிற்றில் இருக்கும்போது உனக்கு பிபி ஏறியது நினைவிருக்கிறதா? கர்ப்ப காலத்தில் பிபியோ சர்க்கரையோ வந்த பெண்களுக்குப் பின்னாளில் இதய நோய் வரும் வாய்ப்பு கூடுதல். உன் வீட்டுக்காரருக்குப் பார்க்கும் அன்றைக்கே நீயும் பிபி, சர்க்கரை, கொலஸ்ட்ரால் பார். காபி குடித்த அரை மணி நேரத்துக்குள் பிபி பார்க்காதே. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து, பேசாமல் பார்.

கடைசியாக ஒரு தாளில் இதை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டு. நெஞ்சில் அழுத்தம், இடது கையிலோ தாடையிலோ முதுகிலோ வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சுத் திணறல். பெண்களுக்கு நெஞ்சு வலியே பெரிதாகத் தெரியாமல் வெறும் களைப்பும் குமட்டலுமாகக்கூட வரும். இதில் எது வந்தாலும் வாயுத் தொல்லை என்று சோடா குடித்துவிட்டுப் படுக்கக் கூடாது, வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டும் போகக் கூடாது. 108-ஐக் கூப்பிட வேண்டும். பெரிய ஆஸ்பத்திரி தூரமாக இருந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே போகலாம்; 2023-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் அங்கேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்து மேலே அனுப்புகிறார்கள். தாளின் அடியில் உன் வீட்டுக்காரர் சாப்பிடும் மாத்திரைகளின் பெயரையும் என் நம்பரையும் பெரிய எழுத்தில் எழுது, கண்ணாடி போடாமலே மாமியாருக்குத் தெரிகிற மாதிரி.