கொடுவா மீன் குஞ்சுகளைக் குளத்து நீருக்குப் பழக்குதல்

இறாலுக்கு மாற்றாகக் கொடுவா மீன் வளர்ப்பதில் நம் கடலோர மாவட்ட உழவர்கள் ஆர்வம் காட்டி வருகிறார்கள். முன்பெல்லாம் இதற்குக் கழிமுகங்களில் பிடித்த குஞ்சுகளையே நம்பியிருக்க வேண்டும். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997ஆம் ஆண்டில் கொடுவாவைப் பொரிப்பகத்திலேயே இனப்பெருக்கம் செய்வித்தது. அதன் பின் குஞ்சுகள் விலைக்குக் கிடைக்கின்றன. அந்த விலை முழுவதும் குளக்கரையில் ஒரு மணி நேரத்தில் வீணாகிவிடக் கூடும். இரவெல்லாம் பயணம் செய்து உயிரோடு வந்த குஞ்சுகள், மறுநாள் கரையோரம் செத்து ஒதுங்கும். குஞ்சு சரியில்லை என்று பொரிப்பகத்தைக் குறை சொல்வோம். பல நேரங்களில் குற்றம் குஞ்சில் இல்லை. நீரை மாற்றிய வேகத்தில்தான் இருக்கிறது.

கொடுவா கடலிலும் வாழும், ஆற்றிலும் வாழும். ஆகவே எந்த நீரிலும் விடலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். இது பாதி உண்மைதான். மீனின் உடல் நீரில் உள்ள உப்பு, கடல் நீரில் உள்ளதில் சுமார் மூன்றில் ஒரு பங்கே. கடலில் இருக்கும் மீன் நீரைக் குடித்து, மிகுதி உப்பைச் செவுள் வழியாக வெளியேற்றுகிறது. நன்னீரில் இதற்கு நேர்மாறு. நீர் தானாகவே உடலுக்குள் புகும். அதைச் சிறுநீராக வெளியேற்றி, உப்பை விடாமல் பிடித்து வைக்க வேண்டும். ஒரு வேலையை விட்டு மற்ற வேலைக்கு மாற, செவுளுக்கும் சிறுநீரகத்துக்கும் அவகாசம் தேவை. அவகாசம் கொடுத்தால் கொடுவா மாறிக்கொள்ளும், கொடுக்காவிட்டால் சாகும்.

எவ்வளவு அவகாசம்? பொரிப்பகத்து நீர் பெரும்பாலும் கடல் நீர். ஆயிரம் பங்கில் 30 பங்கு உப்பு இருக்கும். இதை 30 பி.பி.டி. என்பர். உங்கள் குளத்தில் 15 பி.பி.டி. இருப்பதாகக் கொள்ளுங்கள். மணிக்கு 2 பி.பி.டி. வீதம் குறைத்தால் ஏழு, எட்டு மணி நேரம் ஆகும். இந்த வேலையைக் குளக்கரையில், பிளாஸ்டிக் பையில் வைத்துச் செய்ய முடியாது. அதற்கு ஒரு காரணம் உண்டு.

பயணத்தின்போது குஞ்சுகள் விடும் கரியமில வாயு பை நீரில் கரைந்து, அந்நீரைச் சற்று அமிலமாக்குகிறது. குஞ்சுகளின் கழிவிலிருந்து அம்மோனியாவும் சேர்கிறது. நீர் அமிலமாக இருக்கும்வரை அம்மோனியா பெரும்பாலும் நஞ்சற்ற வடிவில் அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறும். கார நிலை ஏறும். கார அமில நிலை ஓர் எண் உயர்ந்தால், நஞ்சான அம்மோனியா ஏறத்தாழப் பத்து மடங்காகும். ஆக, உப்பை மாற்ற நிதானம் வேண்டும். திறந்த பையிலிருந்து குஞ்சை எடுக்க விரைவு வேண்டும். இரண்டையும் ஒரே பையில் செய்யப் பார்ப்பவர் ஒன்றில் தோற்பார்.

இதற்கு வழி எளியது. குஞ்சு வாங்கச் செல்வதற்கு இரண்டு, மூன்று நாள் முன்பே உங்கள் குளத்தின் உப்பளவைப் பொரிப்பகத்தாரிடம் சொல்லி, அவர்கள் தொட்டியிலேயே அந்த அளவுக்குப் பழக்கித் தரக் கேளுங்கள். ரிஃப்ராக்டோமீட்டர் என்னும் கையடக்கக் கருவியில் ஒரு சொட்டு நீர் விட்டால் உப்பளவு தெரிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் குளத்தின் மேல்நீர் இனிப்பாகவும் அடிநீர் உப்பாகவும் பிரிந்து நிற்கும். எனவே இரண்டு இடத்திலும் பாருங்கள். கோடையிலோ நீர் சுண்டிக் கடலைவிட உப்பேறியிருக்கலாம். பையில் கட்டுவதற்கு முன் சில மணி நேரம் இரை நிறுத்தச் சொல்வதும் நலம், கழிவு குறையும்.

குஞ்சு விடும் நாள்

காலையில், வெயில் ஏறுமுன் விடுவதே நல்லது. மாலையில் குளத்து நீர் சூடாகவும் கார நிலை உயர்ந்தும் இருக்கும். ஆனால் விடியற்காலையில் பிராணவாயு மிகக் குறைவு என்பதால், முதல் நாள் இரவு காற்றூட்டும் கருவியை ஓடவிட வேண்டும்.

பைகளைக் குளிர்வித்துக் கொண்டு வருவது வழக்கம். ஆகவே பையைத் திறக்காமல் அரை மணி நேரம் குளத்தில் மிதக்க விடுங்கள், நிழலில் மிதக்கட்டும். வெயிலில் மூடிய பை குளத்தைவிடச் சூடாகிவிடும். உள்ளும் புறமும் வெப்பம் ஒன்றான பின் பையைத் திறந்து, குளத்து நீரைக் குவளை குவளையாகச் சேருங்கள். உப்பளவு முன்பே பொருந்தியிருந்தால் பத்து, பதினைந்து நிமிடம் போதும். பிறகு பையின் வாயைச் சாய்த்துப் பிடித்தால் குஞ்சுகள் தாமே நீந்தி வெளியேறும். உயரத்திலிருந்து கொட்ட வேண்டாம். கண்ணாடித் தொட்டியில் கடல் மீன் வளர்ப்போருக்கும் இம்முறை பொருந்தும். ஆனால் அவர்கள் மீனை மட்டும் எடுத்துவிட்டுப் பை நீரைக் கீழே ஊற்றிவிட வேண்டும். குளத்தில் கரைந்துபோகும் அழுக்கு, சிறு தொட்டியில் தங்கிவிடும்.

சிறு குஞ்சுகளை நேரே குளத்தில் விடாமல், ஹாப்பா என்னும் வலைப் பெட்டியில் விடுங்கள். எத்தனை பிழைத்தன என்பது மறுநாளே தெரியும். சில மணி நேரம் கழித்துப் பொரிப்பகத்தில் பழகிய அதே தீவனத்தைச் சிறிதளவு தூவுங்கள். தீவனம் மாற்றுவதானால் ஒரு வாரம் போகட்டும்.

கொடுவாவிடம் ஒரு பொல்லாத குணம் உண்டு. தன் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு உள்ள உடன்பிறப்பைக்கூட அது விழுங்கிவிடும். எனவே குஞ்சுகள் தெளிந்து இரையெடுக்கத் தொடங்கியதும், நான்கைந்து நாட்களுக்கு ஒரு முறை பெரியதையும் சிறியதையும் பிரித்து வேறு வேறு ஹாப்பாவில் விடுங்கள். பிரிக்கும் வேலையும் காலைக் குளிர்ச்சியிலேயே நடக்கட்டும், கை நனைந்திருக்கட்டும்.