கணினிப் பாடம்: தொலைவிலுள்ள கணினியின் போர்ட் திறந்திருக்கிறதா?

நம்மில் பலர் கடைக் கணக்கைக் கணினியில் வைத்திருக்கிறோம். "வீட்டிலிருந்து கடைக் கணினிக்குள் போக முடியவில்லை" என்ற குறை அடிக்கடி காதில் விழுகிறது. சர்வீஸ் ஆளை அழைத்துப் பணம் கொடுக்கும் முன், நாமே செய்து பார்க்கக்கூடிய ஓர் எளிய சோதனையை இம்மாதம் படிப்போம்.

போர்ட் என்றால் என்ன?

ஐ.பி. முகவரி என்பது கட்டடத்தின் முகவரி. போர்ட் என்பது அதிலுள்ள கதவின் எண். இந்த எண்கள் 65,535 வரை உண்டு. இணையதளங்களுக்கு 80, 443, விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப்புக்கு 3389, எஸ்.எஸ்.எச். சேவைக்கு 22 என்பது வழக்கம்.

பிங் மட்டும் போதாது

பிங் கட்டளைக்குப் பதில் வந்தால் கணினி விழித்திருக்கிறது என்றே பொருள். கதவு திறந்திருக்கிறது என்று பொருளல்ல. பிங்குக்குப் பதில் தராதபடி அமைத்த கணினியிலும் கதவு திறந்திருக்கலாம்.

சோதிக்கும் முறை

விண்டோஸில் பவர்ஷெல்லைத் திறந்து, டி.என்.சி. என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், இடைவெளி, கணினியின் முகவரி, இடைவெளி, சிறுகோடு ஒட்டிய 'போர்ட்' என்ற ஆங்கிலச் சொல், இடைவெளி, போர்ட் எண் என்று தட்டச்சு செய்யுங்கள். 'டிசிபி டெஸ்ட் சக்ஸீடட்' என்ற வரியில் 'ட்ரூ' என்று வந்தால் வழி திறந்திருக்கிறது. லினக்ஸ், மேக் கணினிகளில் நெட்கேட் கட்டளை இதே வேலையைச் செய்யும்.

விடை சொல்லும் செய்தி

1. இணைப்பு கிடைத்தது: பாதையில் பழுதில்லை. பயனர் பெயர், கடவுச்சொல்லைச் சரிபாருங்கள்.

2. 'ரெஃப்யூஸ்டு' என்று உடனே மறுப்பு: பெரும்பாலும் கணினி வரை போய்விட்டோம், அங்கே அந்தச் சேவை ஓடவில்லை.

3. நெடுநேரம் காத்து 'டைம் அவுட்': ஃபயர்வால் தடுக்கிறது, அல்லது கணினி அணைந்திருக்கிறது, அல்லது முகவரி மாறிவிட்டது.

முதலில் கடைக்குள்ளிருக்கும் இன்னொரு கணினியிலிருந்து சோதியுங்கள். அங்கே கிடைத்து வெளியிலிருந்து கிடைக்காவிட்டால், ரவுட்டரையும் இணைய இணைப்பின் வெளிமுகவரியையும் பார்க்க வேண்டும். பல வீட்டு, கடை இணைப்புகளில் அந்த முகவரி அவ்வப்போது மாறும்.

கவனம் தேவை

வெளியிலிருந்து 'ட்ரூ' வந்தால் மகிழ்ந்து விட்டுவிடக் கூடாது. நமக்குத் திறந்த கதவு உலகுக்கே திறந்த கதவு. 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை வைரஸ், 445 என்ற போர்ட் வழியாகவே, பாதுகாப்புத் திருத்தம் சேர்க்காத கணினிகளுக்குள் நுழைந்து கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. வாடிக்கையாளர் பாக்கி, சம்பளக் கணக்கு எல்லாம் ஒரே இரவில் போய்விடும். எனவே 3389, 445 ஆகியவற்றை இணையத்துக்கு நேரடியாகத் திறக்காதீர்கள், வி.பி.என். வழியாக மட்டும் இணையுங்கள். கணக்கின் நகலைத் தனி ஹார்ட் டிஸ்கில் எடுத்து, கணினியிலிருந்து கழற்றி வையுங்கள்.

பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்லி வைப்போம்: இந்தச் சோதனை நம் கணினிகளுக்கும், உரியவர் அனுமதி தந்த கணினிகளுக்கும் மட்டுமே.