குட்டி மேம்பாலத்துக்கு வயது ஏற்றுவது எப்படி?

அமெரிக்காவில் மாதிரி இரயில் அமைப்பது சிறுவர்களின் விளையாட்டு மட்டும் அன்று. பெரியவர்களும் ஆண்டுக்கணக்கில் மூழ்கிக் கிடக்கும் பொழுதுபோக்கு. வீட்டில் ஓர் அறையை ஒதுக்கி, பெரிய மேசை மீது தண்டவாளம், நிலையம், மலை, ஊர் எல்லாவற்றையும் சிறிய அளவில் அமைத்து, மின்சாரத்தால் ஓடும் இரயில்களை விடுகிறார்கள். இவர்களுக்கென 1935-இல் ஒரு தேசியச் சங்கமே தோன்றியது. இன்று மிகப் பரவலாக வழங்குவது 'எச்.ஓ.' எனப்படும் அளவு. இதில் எல்லாமே உண்மையில் 87-இல் ஒரு பங்கு. உண்மையில் ஓர் அடி என்றால் மாதிரியில் 3.5 மி.மீ. 1,435 மி.மீ. அகலமுள்ள இருப்புப்பாதை இங்கே 16.5 மி.மீ. ஆகிவிடும்.

இரயில் பாதையைக் கடக்கும் நெடுஞ்சாலை மேம்பாலமும் பிளாஸ்டிக் உறுப்புகளாகப் பெட்டியில் கிடைக்கிறது. ஒட்டினால் ஒரே மாலையில் பாலம் தயார். ஆனால் பார்ப்பவர்கள், "அழகான பொம்மை!" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அளவுகள் ஏறக்குறைய சரியாக இருந்தும் பொம்மையாகத் தோன்றுவது ஏன்?

ஒரு சிறு கணக்குப் போடுவோமா? நீளம், அகலம், உயரம் மூன்றும் 87-இல் ஒரு பங்கானால், தூணின் குறுக்குவெட்டுப் பரப்பு 87 × 87, அதாவது 7,569-இல் ஒரு பங்காகும். எடையோ 87 × 87 × 87, அதாவது 6,58,503-இல் ஒரு பங்காகிவிடும். (பொருள் ஒன்றே என்று வைத்துக்கொள்ளுங்கள்.) ஆகவே தூணின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் தாங்கும் சுமை 87 மடங்கு குறைகிறது. உண்மைப் பாலத்தை எப்போதும் அழுத்தும் எடை, மாதிரியில் இல்லவே இல்லை என்று சொல்லிவிடலாம். அதன் மீது மழையும் பெய்வதில்லை, இரயிலும் மோதுவதில்லை. உண்மைப் பாலத்தின் வடிவமும் நிறமும் இந்த எதிரிகளால் வந்தவை. அவற்றைக் கையால் கொண்டுவந்து சேர்ப்பதே நம் வேலை.

முதலில் உயரம். அமெரிக்காவில் தண்டவாளத்தின் மேற்பரப்புக்கும் பாலத்தின் அடிப்பகுதிக்கும் இடையே 23 அடி விடுவது வழக்கம், மாதிரியில் 80.5 மி.மீ. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கொள்கலன்களை ஏற்றிச் செல்லும் இன்றைய சரக்கு வண்டி 20 அடிக்கும் சற்று அதிக உயரம். பெட்டியில் வரும் தூண் குட்டையாக இருந்தால் அடியில் பிளாஸ்டிக் கட்டை வைத்து உயர்த்த வேண்டும். 1940-களின் காட்சியை அமைப்பவர் இவ்வளவு கவலைப்பட வேண்டாம். பழைய பாலங்களில் பல தாழ்வானவை.

இனி தூண்கள். 1977 ஜனவரி 18 அன்று, ஆஸ்திரேலியாவில் சிட்னியை அடுத்த கிரான்வில் என்னும் இடத்தில், தடம் புரண்ட பயணிகள் இரயில் ஒன்று சாலைப் பாலத்தின் தூண்களைத் தகர்த்தது. பாலம் அப்படியே பெட்டிகள் மீது விழுந்தது. 83 பேர் மாண்டனர். அங்கே மறுபடி கட்டிய பாலத்துக்கு நடுவில் தூணே வைக்கவில்லை. 1998 ஜூன் 3 அன்று ஜெர்மனியில் எஷெடே என்னும் ஊரிலும் இதே கதைதான். அதிவேக இரயிலின் சக்கர வளையம் ஒன்று உடைந்து, வண்டி தடம் புரண்டு பாலத்தின் தூணில் மோதியது. உயிரிழந்தோர் 101 பேர்.

தண்டவாளத்தின் நடுக்கோட்டிலிருந்து 25 அடிக்குள் தூண்கள் நின்றால், அவை மிகத் தடித்தவையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவற்றை இணைத்துக் காங்கிரீட் சுவர் எழுப்ப வேண்டும் என்பது அமெரிக்க இரயில்வே பொறியாளர்களின் நெறி. சுவரின் தடிப்பு குறைந்தது இரண்டரை அடி. பெட்டிப் பாலங்களில் மெல்லிய தூண்கள் மட்டும் நிற்பதைப் பார்க்கும்போது எனக்குச் சற்று அச்சமாகவே இருக்கும்! 9 மி.மீ. தடிப்பும் 21 மி.மீ. உயரமும் உள்ள பிளாஸ்டிக் பட்டையைத் தூண்களுக்கிடையே ஒட்டுங்கள். தண்டவாளம் 12 அடிக்கும் நெருக்கமானால் உயரத்தை இரட்டிப்பாக்குங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே பாலத்துக்குப் பொறுப்பு வந்துவிடும்.

கைப்பிடிக் கம்பிகளையும் கவனியுங்கள். உருகிய பிளாஸ்டிக் மிகக் குறுகிய அச்சுக்குள் எளிதில் ஓடாது. ஆகவே கம்பிகளைத் தடிப்பாகவே வார்க்கிறார்கள். 1 மி.மீ. கம்பி என்றால் உண்மையில் 87 மி.மீ. குழாய்! அதை வெட்டிவிட்டு அரை மில்லிமீட்டர் செம்புக் கம்பியைப் பொருத்துவது நல்லது.

பாலத்துக்கு ஏறும் சாலைதான் பெரிய தலைவலி. 23 அடியோடு உத்தரமும் தளமும் சேர்ந்து ஏறக்குறைய 28 அடி ஏற வேண்டும். நூறு அடிக்கு ஐந்தடி ஏற்றம் என்றால் சரிவின் நீளம் 560 அடி. மாதிரியில் இரண்டு மீட்டர்! பாலத்தின் இரு பக்கமும் இவ்வளவு இடம் யாரிடம் இருக்கிறது? சரிவைச் செங்குத்தாக்கினால் உண்மைத்தன்மை போய்விடும். சாலையை அப்படியே விட்டு, இரயில் பாதையைப் பள்ளத்தில் வெட்டிக் கொண்டுசெல்வதே சிறந்த வழி. உண்மை இரயில்வேக்களும் பல இடங்களில் இப்படித்தான் செய்திருக்கின்றன.

இப்போது நிறம் தீட்டும் கட்டம். முதலில் பளபளப்பைப் போக்க, மங்கலான வெளிர்சாம்பல் வண்ணம் பூசுங்கள். காய்ந்ததும் நீரின் வழியைத் தேடுங்கள். 30 மீட்டர் நீளமுள்ள தளம், குளிருக்கும் கோடைக்கும் இடையே வெப்பம் 40 டிகிரி மாறினால் சுமார் 13 மி.மீ. நீளும். அதற்காகவே தளங்களுக்கு நடுவில் இடைவெளி விடுகிறார்கள். மாதிரியில் அது மயிரிழை போன்றது; பிளேடு முனையால் கீறினால் போதும். மழைநீர் சாலை அழுக்கோடு இந்த இடைவெளியில்தான் கசியும். ஆகவே கறை பாலமெங்கும் இராது. இடைவெளிக்கு நேர் கீழே, தூணின் தலையில் தொடங்கி, கீழே போகப் போக மெலியும். நீர்த்த கருஞ்சாம்பல் வண்ணத்தைத் தூரிகையில் தொட்டு, மேலிருந்து கீழாக ஒரே இழுப்பாக இழுங்கள். குறுக்கே இழுக்காதீர்கள், நீர் அப்படி ஓடுவதில்லை.

காங்கிரீட்டின் அடியில் சில வெண்கோடுகளும் தேவை. சிமெண்டிலுள்ள கால்சியம் ஹைட்ராக்சைடைக் கசியும் நீர் கரைத்துக் கொண்டுவருகிறது. அது காற்றிலுள்ள கார்பன்-டை-ஆக்சைடுடன் சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. பள்ளி ஆய்வகத்தில் தெளிந்த சுண்ணாம்பு நீருக்குள் ஊதிப் பால்போல் ஆக்கினீர்களே, அதே வினைதான்! வெள்ளைச் சாக்பீஸ் பொடியை ஈரத் தூரிகையால் தொட்டு இந்தக் கோடுகளை வரையலாம்.

கடைசியாகப் புகைக்கரி. நீராவி எஞ்சின் காலத்துப் பாலமானால் தண்டவாளத்துக்கு நேர் மேலே, தளத்தின் அடியில் அடர்கருப்பு. இருபுறமும் போகப் போக மங்கல். எஞ்சினின் புகைபோக்கி எங்கே வருகிறது என்று ஒரு முறை இரயிலை ஓட்டிப் பார்த்து, பென்சிலால் குறித்துக்கொண்ட பிறகே கரிப்பொடியைத் தடவுங்கள்.