பொருந்தாக் கணினியும் புது இயங்குதளமும்



சட்டை தைக்கத் துணி கொடுப்பவர் அளவு கொடுக்காமல் திரும்புவதில்லை. சாவி செய்யப் போகிறவர் பூட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவதில்லை. ஆனால், கணினிக்குப் புதிய இயங்குதளம் தேடும்போது மட்டும் நம்மில் பலர் அளவும் பார்ப்பதில்லை, பூட்டும் பார்ப்பதில்லை. அவ்வாறு பாராமல் இறங்கி, இரண்டு திங்கள் உழைப்பை ஒரே மாலையில் இழந்தவன் நான். அந்த இழப்பு கற்பித்த பாடத்தையே இங்கு எழுதுகின்றேன்.

நான் தில்லிக்குப் படிக்க வந்தபோது, என் அத்தை மகன் தாம் பயன்படுத்திய சிறிய மடிக்கணினியை எனக்குக் கொடுத்தார். 2014ஆம் ஆண்டையொட்டிச் சந்தைக்கு வந்த மலிவு வகையைச் சேர்ந்தது அது. உள்ளே ஆட்டம் செயலி, 2 ஜி.பி. நினைவகம், 32 ஜி.பி. சேமிப்பகம். அதில் விண்டோஸ் 10 இயங்கிக்கொண்டிருந்தது. 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிந்தது. அடுத்ததாகிய விண்டோஸ் 11 குறைந்தது 4 ஜி.பி. நினைவகமும் 64 ஜி.பி. சேமிப்பகமும் கேட்கும். என் கணினியில் இருப்பதோ அவற்றிற் பாதி. புதுக் கணினி வாங்கப் பணமும் இல்லை. ஆகவே, விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸை நாடினேன்.

அப்போது கரோல் பாகில் நெடுங்காலமாக வாழும் முதிய தமிழர்களின் பேச்சுவழக்கை என் முதுகலை ஆய்வுக்கு எடுத்திருந்தேன். அவர்கள் பேசியதைக் கைப்பேசியில் பதிந்து, இரவு இரவாகக் கேட்டுக் கேட்டு எழுத்தில் வடித்திருந்தேன். அந்தக் குறிப்புகள் எல்லாம் அக்கணினியில் மட்டுமே இருந்தன.

விண்டோஸில் கணினியைப் பற்றிய பக்கத்தைத் திறந்தேன். "32 பிட் இயங்குதளம், 64 பிட் செயலி" என்று ஒரு வரி இருந்தது. செயலி 64 பிட். இயங்குதளம் மட்டும் ஏன் 32 பிட்? "நல்ல செயலியை வைத்துக்கொண்டு பாதி வேலை வாங்கியிருக்கின்றார்களே!" என்று நகைத்தேன். 64 பிட் லினக்ஸ் ஒன்றை இறக்கிப் பென்டிரைவில் ஏற்றினேன். கணினியை மீண்டும் தொடங்கினேன். பென்டிரைவ் பட்டியலிலேயே தோன்றவில்லை. செக்யூர் பூட் என்னும் காப்பை நிறுத்திப் பார்த்தேன். வேறு பென்டிரைவில் ஏற்றிப் பார்த்தேன். பயன் இல்லை.

அடுத்து நான் செய்ததுதான் பெரும் பிழை. பழைய விண்டோஸ்தான் புதியதைத் தடுக்கின்றது என்று நானாகவே முடிவு கட்டினேன். அதன் மீட்பு வசதியைத் திறந்து, "அனைத்தையும் நீக்கு" என்னும் வழியைத் தேர்ந்தேன். சில மணி நேரத்தில் விண்டோஸ் துடைத்த பலகைபோல் மீண்டும் வந்து நின்றது. பென்டிரைவ் அப்போதும் தோன்றவில்லை. என் ஆய்வுக் குறிப்புகள் மட்டும் போய்விட்டன.

விடுதியில் கணினியியல் பயிலும் மூத்த மாணவர் ஒருவரிடம் ஓடினேன். அவரும் நம் சங்கத்தவர்தாம். நடந்ததை எல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"தம்பி, செயலி எத்தனை பிட் என்று பார்த்தாய். அதை எழுப்பிவிடுகின்ற நிரல் எத்தனை பிட் என்று பார்த்தாயா?"

"அதற்கும் பிட் உண்டா அண்ணா?"

"உண்டு. உன் தொல்லை முழுவதும் அங்கேதான் இருக்கின்றது."

அவர் விளக்கியதை நான் விளங்கிக்கொண்ட அளவில் சொல்கின்றேன்.

கணினியின் விசையை அழுத்தியதும் முதலில் விழிப்பது விண்டோஸும் அன்று, லினக்ஸும் அன்று. தாய்ப்பலகையிலுள்ள சில்லில் பதிந்திருக்கும் ஒரு சிறு நிரலே முதலில் விழிக்கின்றது. இதனை ஃபர்ம்வேர் என்பர். பழைய கணினிகளில் இதற்குப் பயாஸ் என்று பெயர். பயாஸ் செயலியை 16 பிட் நிலையிலேயே இயங்குதளத்திடம் ஒப்படைக்கும். பிறகு 32க்கோ 64க்கோ ஏறிக்கொள்வது இயங்குதளத்தின் பொறுப்பு. ஆகையால், அக்காலத்தில் இந்தப் பொருத்தம் பார்க்க வேண்டிய தேவையே எழவில்லை.

பின்னர் வந்த யு.இ.எஃப்.ஐ. அத்தகையதன்று. அது தானே 32 பிட்டாகவோ 64 பிட்டாகவோ இயங்கும்; தன் அளவுக்கு ஒத்த தொடக்கக் கோப்பையே இயக்கும். பென்டிரைவைச் செருகினால், அதில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் 64 பிட் ஃபர்ம்வேர் பூட்எக்ஸ்64 என்னும் கோப்பைத் தேடும். 32 பிட் ஃபர்ம்வேர் பூட்ஐஏ32 என்னும் கோப்பைத் தேடும். என் கணினியோ கலப்பினம்: செயலி 64, ஃபர்ம்வேர் 32. நான் ஏற்றிய லினக்ஸில் முதற்கோப்பு மட்டுமே இருந்தது. தேடியது கிடைக்காமையால் ஃபர்ம்வேர் பென்டிரைவைப் பட்டியலில் சேர்க்கவில்லை. விண்டோஸ் எதையும் தடுக்கவில்லை!

நான் நகைத்த அந்த வரியின் பொருளும் அப்போதுதான் விளங்கிற்று. யு.இ.எஃப்.ஐ. வழியே தொடங்கும் விண்டோஸ், ஃபர்ம்வேரின் பிட் அளவோடு ஒத்திருந்தாக வேண்டும். 64 பிட் செயலியின்மேல் 32 பிட் விண்டோஸை அந்நிறுவனம் வைத்து விற்றதற்குக் காரணம் அதுவே. விடை என் கண்முன்னேயே எழுதியிருந்தது. படிக்கத்தான் எனக்குத் தெரியவில்லை.

பின் வழி யாது? இத்தகைய கலப்புக் கணினிகளில் 64 பிட் லினக்ஸை எழுப்பும் வசதி, 2014இல் வெளிவந்த லினக்ஸ் கருவின் 3.15ஆம் பதிப்பில் சேர்ந்தது. டெபியன் என்னும் லினக்ஸ் வகை 2015இல் வெளியிட்ட 8ஆம் பதிப்பிலேயே இவற்றுக்கு நிறுவும் வழி செய்தது. அண்ணனிடம் இருந்த டெபியன் பென்டிரைவில் பூட்ஐஏ32 கோப்பு இருந்தது. செருகியதும் பட்டியலில் தோன்றிற்று. ஒரு மணி நேரத்தில் நிறுவி முடித்தோம். என் கணினியிலுள்ள வை-ஃபை சில்லுக்குரிய இயக்கி நிரல் 2017இல் வந்த 4.12ஆம் பதிப்பில்தான் லினக்ஸ் கருவில் சேர்ந்ததாம். அதற்கு முன் முயன்றிருந்தால், நிறுவிய பின்னும் இணையம் இன்றித் திண்டாடியிருப்பேன். கேமரா மட்டும் இன்றுவரை இயங்கவில்லை. தமிழ்99 விசைப்பலகை நன்றாக இயங்குகின்றது. எனக்கு அது போதும்.

1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டார்வால்ட்ஸ் லினக்ஸை எழுதத் தொடங்கியபோது, அது 386 வகைச் செயலியில் மட்டுமே இயங்கிற்று. வேறு வகைக் கணினிக்கு அது மாறும் என்று அவரே அன்று எண்ணவில்லை. இன்று கைப்பேசி முதல் மீத்திறன் கணினி வரை அது இயங்குகின்றது. பொருத்தம் தானாக வருவதன்று. ஒவ்வொரு சில்லுக்கும் யாரோ ஒருவர் அமர்ந்து உழைத்துப் பொருத்தியிருக்கின்றார். நம் கணினிக்கு அவ்வுழைப்பு நடந்திருக்கின்றதா என்று முன்னரே கேட்டறிவது நம் கடமை.

எனவே, இயங்குதளம் மாற்ற விரும்பும் நண்பர்களுக்கு நான்கு சொற்கள்:

ஒன்று, உங்கள் கோப்புகளை முதலில் வேறிடத்தில் படி எடுத்து வையுங்கள். எடுத்த படி திறக்கின்றதா என்றும் பாருங்கள்.

இரண்டு, செயலி, ஃபர்ம்வேர் இரண்டின் பிட் அளவையும் தனித்தனியே அறியுங்கள்.

மூன்று, நிறுவுவதற்கு முன் லினக்ஸைப் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். இதனை லைவ் முறை என்பர். சேமிப்பகத்தைத் தொடாமலே வை-ஃபை, ஒலி, கேமரா ஆகியவற்றைச் சோதித்துவிடலாம்.

நான்கு, காரணம் தெரியும் வரை எதனையும் அழிக்காதீர்கள்.

ஒலிப்பதிவுகள் கைப்பேசியில் இருந்தமையால் என் ஆய்வு பிழைத்தது. ஆயினும், அத்தனையையும் முதலிலிருந்து கேட்டு மீண்டும் எழுத நேர்ந்தது. அப்பெரியவர்களுள் ஒருவர் இடையில் காலமாகிவிட்டார். அவர் சொன்ன ஒரு சொல் பதிவில் தெளிவாக இல்லை. முன்னர் அவரிடமே கேட்டுத் திருத்தி எழுதியிருந்தேன். அழிந்த குறிப்புகளோடு அத்திருத்தமும் போயிற்று. இனி யாரிடம் கேட்பேன்? ஆய்வேட்டில் அவ்விடத்தில் "தெளிவில்லை" என்றே எழுதியிருக்கின்றேன். உங்கள் ஏடுகளில் அப்படி ஓர் இடம் நேராதிருக்கவே இதனை எழுதினேன்.